குடியம் கற்குகை

ஸ்ரீபெரும்பூதூர் என்றவுடன், இராமாநுசர் பிறந்த ஊர் என்பதும், ஒரகடம்வரை நிரைநிரையாய் நிற்கும் தொழிற்சாலைகளுமே நம் நினைவில் எழும். நிலநூலாரோ அவ்வூர்ப்பெயரை ஒரு பாறைப் படிவத்துக்கு இட்டு வழங்குவர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அக்களிப்படிவம் இலைத்தடங்களையும் கடலுயிர்களின் எச்சங்களையும் தன்னகத்தே கொண்டது. அதன்மேற் படிந்த கூழாங்கற் பாறையை வடக்கே பூண்டி ஏரிக்கு அணித்தாகிய அல்லிக்குளி மலைத்தொடரிற் காணலாம். அங்குள்ள குடியம் குகையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

குடியம் என்னும் சிற்றூரிலிருந்து முட்புதர்க் காட்டினூடே ஒற்றையடிப் பாதையில் நடப்போர் காலடியெங்கும் உருண்டைக் கற்களைக் காண்பர். பாதையின் முடிவிற் கூரைபோற் கவிந்து நிற்கும் பெரும்பாறையிலும் அத்தகைய கற்களே பதிந்துள்ளன. மலைமேல் ஆறு யாதுமில்லையே, இவை உருண்டது எங்ஙனம்? பண்டைப் பெருவெள்ளங்கள் குவார்ட்சைட் என்னும் வன்கல்லை உருட்டி, முனை தேய்த்துக் கொணர்ந்து குவித்தன. இடையே மணலும் களியும் இறுகிப் பிணித்தமையால் அக்குவியல் பாறையாயிற்று. பின்னர் மழைநீர் ஊறிப் பிணிப்பு நெகிழ்ந்த இடங்களிற் கற்கள் உதிர, பாறையின் அடி குடைவுற்றது. ஆகவே கல்லைச் சேர்த்ததும் நீரே. குகையைக் குடைந்ததும் நீரே.

நீருக்குப் பின் மனிதன் கையும் அக்கல்லிற் பட்டது. 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் பல்லாவரத்திலும், பின்னர் இம்மலைக்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் குவார்ட்சைட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குடியம் குகையிலும் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன.

நீர் உருட்டிய கல்லையும் மனிதன் செதுக்கிய கல்லையும் பிரித்தறிவது எங்ஙனம்? நீர் எப்பக்கத்தையும் ஒருங்கே தேய்த்து மழுக்கும். மனிதனோ ஒரு நோக்கங்கொண்டு, அடுத்தடுத்து அடித்துச் சில்லு பெயர்த்து, விளிம்பைக் கூராக்குவான். எனினும் கருவியின் வடிவம் மட்டும் அதன் காலத்தை உரையாது. அது கிடந்த இடமும் மண்ணடுக்குமே உரைக்கும். ஆதலின் நினைவுக்கென ஒரு கல்லை எடுத்துச் செல்வோமாயின், சுவடியினின்று ஓர் ஏட்டை உருவிய குற்றம் நம்மைச் சாரும். ஏட்டுச்சுவடி தேடி ஊர்தோறும் அலைந்த சான்றோரைப் போற்றும் தமிழ் மாணவராகிய நாம், எழுத்துத் தோன்றுமுன் எழுந்த இச்சுவடியையும் அங்ஙனமே பேணல் வேண்டும். கண்டு, கற்று, கிடந்தவாறே விட்டு மீள்வதே நம் கடனாகும்.