மெஷின் விலை ஒருமுறை, மண் விலை மாதாமாதம்

ஹைதராபாத்தில் கச்சிபவுலி, மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கம் குடியிருந்து ஐ.டி. வேலை பார்க்கிறவர்களின் நாள், ஊர் நேரப்படி ஓடுவதில்லை. அமெரிக்க வாடிக்கையாளருக்காக மதியத்துக்கு மேல் கேப் ஏறி, நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். வாரத்தில் சில நாள் கட்டாயம் அலுவலகம் வரவேண்டும் என்ற விதி திரும்பிய பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் பூனை வளர்க்கத் தொடங்கியவர்களுக்குப் புதிதாக ஒரு நெருக்கடி: பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பூட்டிய ஃபிளாட்டில் லிட்டர் பாக்ஸை யார் சுத்தம் செய்வது? அதற்கு விடையாகத்தான் ஆட்டோமேட்டிக் லிட்டர் பாக்ஸ் வந்து நிற்கிறது. பூனை இறங்கிப் போனதும் டிரம் சுழன்று, கட்டியான கழிவைச் சலித்து அடியிலுள்ள டிராயரில் தள்ளிவிடும்.

போனஸ் வந்த மாதம் மெஷினை வாங்கிவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் லிட்டர் மண், பை, ஃபில்ட்டர் என்று செலவு வரிசையாக வரும்போது கையைக் கடிக்கிறது. ஃபில்ட்டரைத் தள்ளிப்போடுகிறார்கள், மலிவான மண்ணுக்கு மாறுகிறார்கள், மெஷின் சரியாகச் சலிக்க மறுக்கிறது, பூனை சோஃபாவுக்குப் பின்னால் போய் உட்காருகிறது. பைக் வாங்குகிறவர் பெட்ரோலும் சர்வீஸும் கணக்கில் சேர்க்காமல் வாங்கமாட்டார். இங்கும் வாங்கும் செலவைவிட ஓட்டும் செலவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இரண்டு வளர்ந்த பூனைகள். மெஷின் 30,000 ரூபாய், நான்கு வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 கிராம் மண் என்றால் மாதம் 6 கிலோ. இரண்டுக்கும் 12 கிலோ. கிலோ 80 ரூபாய் என்று எடுத்தால் 960. டிராயர் பை 50, கார்பன் ஃபில்ட்டர் 150. மின்சாரம் பெரிதில்லை: சராசரியாக 10 வாட் இழுத்தாலும் மாதம் 7.2 யூனிட்தான், 50 ரூபாய் போதும். இதுவரை 1,210. இதோடு பழுதுக்கென்று மெஷின் விலையில் வருடத்துக்குப் பத்து சதவீதம், அதாவது மாதம் 250 ஒதுக்குங்கள். மொத்தம் 1,460. நான்கு வருடத்துக்கு 70,080 ரூபாய். மெஷின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அடுத்த மெஷினுக்கான சேமிப்பாக மாதம் 625 ரூபாயையும் சேர்த்தால் 2,085. இரண்டு பூனைக்கு முப்பது நாள் என்று வகுத்துப் பார்த்தால், ஒரு பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 35 ரூபாய். இந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. ஒரு மூட்டை என்ன விலை என்பது எதையும் சொல்லாது. ஒரு பூனைக்கு ஒரு நாள் செலவு என்ன என்பதே இரண்டு பிராண்டுகளை ஒப்பிட உதவும். என்னுடைய விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புது மூட்டையைப் பிரிக்கும் நாளில் எடை போட்டுக் குறித்துவையுங்கள், நான்கு வாரம் கழித்து மிச்சத்தை எடை போடுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு கிடைத்துவிடும்.

மெஷின் தேவைதானா என்பதற்கும் இதே கணக்கு பதில் சொல்லும். மண் 960 ரூபாய்க்குக் கையால் அள்ளினாலும் வாங்கத்தான் போகிறீர்கள். மெஷினால் கூடும் செலவு மாதம் 1,125. கையால் அள்ள நாளுக்கு இருபது நிமிடம் என்றால் மாதம் பத்து மணி நேரம். மெஷின் வைத்திருந்தாலும் டிராயரைக் காலி செய்ய, டிரம்மைக் கழுவ இரண்டரை மணி நேரம் போகும். மிச்சமாகும் ஏழரை மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை மணிக்கு 150 ரூபாய். ஷிஃப்ட் முடிந்து அதிகாலையில் வந்து விழுகிறவருக்கு இது நியாயமான விலை. முழு நேரமும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு, என் கருத்தில், ஒரு நல்ல ஸ்கூப்பும் பெரிய தட்டும் போதும்.

எந்த மண்?

பட்ஜெட்டில் பெரும்பங்கு மண்ணுக்கே போவதால் இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், பூனை வளர்த்த ஒருவருக்குச் சாம்பலுக்கும் மணலுக்கும் பதிலாக முல்தானி மிட்டி வகைக் களிமண்ணைக் கொடுத்ததிலிருந்து இந்த வியாபாரம் தொடங்கியது. அந்த வகை மண் ஹைதராபாத்துக்கு மேற்கே தாண்டூர் பக்கத்திலும் கிடைக்கிறது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சுமே தவிர, கட்டியாகாது. 1984-இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் களிமண்ணைக் கொண்டுவந்த பிறகுதான், நனைந்த இடம் மட்டும் உருண்டையாக இறுகி, அதை மட்டும் அள்ளி எறிய முடிந்தது. சுழலும் மெஷின்கள் எல்லாமே இந்தக் கட்டியாகும் குணத்தை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே மூட்டையில் 'கிளம்பிங்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியாகாத மலிவு மண்ணைப் போட்டால் மெஷின் நல்ல மண்ணையும் நனைந்த மண்ணையும் பிரிக்க முடியாமல் திணறும். சிலிக்கா கிறிஸ்டலும் இந்த வகை மெஷின்கள் பலவற்றுக்கு ஆகாது. டோஃபு லிட்டர் என்று விற்கும் சோயா சக்கை உருளைகள் பல மெஷின்களில் ஓடும், ஆனால் உருளை தடிமனாக இருந்தால் சல்லடையில் இறங்காது; மெஷின் கையேட்டில் அனுமதித்த அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பென்டோனைட் நம் நாட்டுப் பொருள். குஜராத்தின் கட்ச் பகுதியில் பெருமளவு வெட்டி எடுத்து உலகம் முழுவதும் ஏற்றுமதி செய்கிறார்கள். வெளிநாட்டுப் பெயர் போட்ட பையில் வருவதாலேயே மண் உயர்ந்ததாகிவிடாது. நன்றாகக் கட்டியாகி, தூசி குறைவாக இருந்தால் உள்நாட்டு மண்ணே போதும். சோதிப்பது எளிது: ஒரு கிண்ணம் மண்ணில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் கழித்து உருண்டையை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். சிதறினால் அந்த மண் டிரம்முக்குள்ளும் சிதறும்.

சில நிமிடங்களில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்களில் சின்னப் பை வாங்குவது அவசரத்துக்கு உதவும். மாதச் செலவை அதில் ஓட்டினால் கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது தெரியாமலே போகும். சம்பளம் வந்த முதல் வாரத்தில் பெரிய மூட்டையாக வாங்குங்கள். ஆனால் தள்ளுபடிக்காக மாதத்துக்கு ஒரு வகை என்று மாற்றாதீர்கள். காலடியில் மண் மாறினால் பல பூனைகள் பெட்டியையே புறக்கணிக்கும். அப்புறம் மெத்தையைத் துவைக்கக் கொடுக்கும் செலவு தள்ளுபடியை விழுங்கிவிடும்.

சிக்கவைக்கும் மாடல்கள்

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் சாதாரணக் குப்பைப் பை பொருந்துமா? அடுத்தது: ஃபில்ட்டர் உங்கள் கம்பெனியுடையதுதான் போட வேண்டுமா? இந்த இரண்டு பதிலில் நான்கு வருடச் செலவு அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் கேட்ஜீனி என்றொரு இயந்திரம் வந்தது. குழாய்த் தண்ணீரில் தானே கழுவிக்கொள்ளும். மண்ணே வாங்க வேண்டாம். ஆனால் கழுவும் கரைசல் சிப் பொருத்திய குப்பியில் வந்தது. எண்ணிக்கை முடிந்ததும் புதுக் குப்பி கேட்கும். வெறுத்துப்போன பயனர்கள் சிப்பை ஏமாற்றும் கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். ஸ்கூப்ஃப்ரீ என்ற இன்னொன்று, சில வாரத்துக்கு ஒருமுறை கிறிஸ்டல் நிரப்பிய தட்டையே முழுசாக மாற்றும் வகை. அங்கே பக்கத்துக் கடையில் தட்டு கிடைக்கும். ஹைதராபாத்தில் இறக்குமதியாளர் சரக்கை நிறுத்தினால் உங்கள் மெஷின் காட்சிப் பொருளாகிவிடும். கம்பெனியின் பொருள் மட்டுமே ஏற்கும் மாடலை இந்தியாவில் வாங்கவே வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவருகிறார் என்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததை நம் 230 வோல்ட்டில் சொருகினால் கதை முடிந்தது. வாரன்டியும் இங்கே செல்லுமா என்று விசாரியுங்கள். வாயிலில் நகரும் கதவோ தட்டோ உள்ள மெஷினில், பூனை உள்ளே இருந்தால் உடனே நிற்கும் சென்சார் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். குட்டிகள் எடை குறைவானதால் பல மெஷின்களுக்கு அவை ஏறியதே தெரியாது; குட்டி வளரும்வரை தானியங்கி முறையை அணைத்து வைத்து, நீங்களே பட்டனை அழுத்தி ஓட்ட வேண்டும்.

மாதக் கணக்கில் வராதவை

முதல் மாதம் எப்போதும் கூடுதல். டிரம்மை முதலில் நிரப்பவே ஐந்தாறு கிலோ போகும். பூனை புது மெஷினுக்குப் பழகும் வரை, இரண்டு மூன்று வாரமாவது, பழைய தட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பழைய தட்டைத் தூக்கி எறியாதீர்கள். மின்தடை வரும், மோட்டார் போகும், உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆகும். தட்டும் ஒரு மூட்டை மண்ணும் எப்போதும் கையிருப்பில் வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் பாதரசம் 40 டிகிரியைத் தொடும்போது, பகல் முழுக்க ஜன்னல் மூடிய ஃபிளாட்டில் அம்மோனியா நெடி வேகமாக ஏறும். டிராயரை அடிக்கடி காலி செய்ய வேண்டியிருக்கும், ஃபில்ட்டரும் சீக்கிரம் தீரும். இந்த மாதங்களுக்குப் பையும் ஃபில்ட்டரும் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் டோஃபு லிட்டர் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பா அவசியம். போர் தண்ணீரில் டிரம்மைக் கழுவினால் உப்புப் படியும்; நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே மண்ணை நிரப்புங்கள்.

வாசனைத் தூளும் ஸ்பிரேயும் தேவையற்ற செலவு. நெடி வந்தால் டிராயர் நிரம்பியிருக்கிறது அல்லது மண் மாற்ற நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அதை வாசனையால் மூடுவதைப் பூனையும் விரும்பாது.

கழிவைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். பென்டோனைட் தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். அபார்ட்மென்ட் குழாய் அடைத்தால் அசோசியேஷன் உங்கள் கதவைத்தான் தட்டும். இறுகக் கட்டிய பையில், ஈரக் குப்பையோடும் உலர் குப்பையோடும் கலக்காமல் தனியாக மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். எடுத்துப்போகிறவர் கையில் கிழியாதபடி பை தடிமனாக இருக்கட்டும். அந்த இரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் டிராயரை வேறொருவர் காலி செய்ய வேண்டும். பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருந்தால், வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலைக்கு வரும்; டிராயரில் கழிவு கிடப்பதும் ஏறத்தாழ அத்தனை நாள்தான். கையுறை ஒரு பெட்டி பட்ஜெட்டில் இருக்கட்டும்.

ஒரு தொகையை மருத்துவருக்கென்று தனியே வையுங்கள். மெஷின் அள்ளிவிடுவதால் நாம் கழிவைப் பார்ப்பதே நின்றுபோகிறது. ஆண் பூனை அடிக்கடி ஏறி இறங்கியும் டிராயரில் உருண்டை இல்லையென்றால் சிறுநீர் அடைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும் அவசரம் அது. ஆப்பில் எத்தனை முறை ஏறியது என்ற பதிவு இருந்தால் தினமும் பாருங்கள், மீட்டிங் நடுவில் என்றாலும் சரி.

பகிர்ந்து வாழும் வீடும் அலுவலகமும்

மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் பூனை யாருடையது என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். வாடகையைத் தலைக்கு வகுப்பதுபோல மண்ணை வகுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். நாளுக்கு 35 ரூபாய் என்ற எண் கையில் இருந்தால் பூனைக்குரியவர் அதைக் கட்டிவிட்டுப் போகலாம். மெஷின் ஒருவர் பெயரில் இருக்கட்டும். வேலை மாறி அவர் பெங்களூர் போகும் நாளில் தகராறு வராது.

சின்ன நிறுவனங்களில் தெருப்பூனை ஒன்று நுழைந்து எல்லோருக்கும் செல்லமாகிவிடுவது உண்டு. அங்கே பூனைமேல் அதிகம் பாசம் வைத்தவர், பெரும்பாலும் சம்பளம் குறைவான ஜூனியர், தன் கைக்காசில் மண் வாங்கிக்கொண்டிருப்பார். இது தவறு. நிர்வாகப் பிரிவு தண்ணீர் கேன், கழிப்பறைப் பொருள்களோடு இதையும் மாதாந்திரச் செலவாகச் சேர்த்து, பில்லோடு வாங்க வேண்டும். டிராயரை யார் காலி செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் தலையில் சொல்லாமல் கொள்ளாமல் கட்டக்கூடாது. அவருக்கு அது கூடுதல் வேலை, கூடுதல் பணம் கொடுத்தே செய்யச் சொல்ல வேண்டும்.

மெஷின் இருக்கிறதே, வார இறுதியில் மற்றவர் பூனைகளைப் பார்த்துக்கொண்டு கூடுதல் வருமானம் பார்க்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு: முதலில் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொன்ன பிறகு, பக்கவருமானம் எதுவானாலும் முன் அனுமதி வாங்கிவைப்பது நல்லது. இரண்டாவது, விருந்தாளிப் பூனையை உங்கள் மெஷினில் ஏற்றவே கூடாது. பூனைகளைத் தாக்கும் பேன்லுகோபீனியா வைரஸ் ஒரு வருடம் வரைகூட இடத்தில் தங்கியிருக்கும். விருந்தாளிக்குத் தனித் தட்டு, தனி மண். அது போனதும் மண்ணை முழுசாகக் கொட்டிவிட வேண்டும். ஐந்து கிலோ என்றாலே 400 ரூபாய். இரண்டு நாள் தங்கும் பூனைக்கு இதைச் சேர்க்காமல் கட்டணம் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போக சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன் டிராயரின் கொள்ளளவையும் பாருங்கள். ஒரு பூனைக்கு ஒரு வாரம் தாங்கும் டிராயர் இரண்டு பூனைக்கு மூன்று நான்கு நாள்தான். நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். தினமும் ஒருமுறை வந்து சாப்பாடும் தண்ணீரும் வைத்து, டிராயரையும் பார்த்துப் போக ஆள் வேண்டும். அவருக்கான பணத்தை மாதம் 200 வீதம் ஒதுக்கினால் வருடத்துக்கு 2,400 சேரும். கிளம்புவதற்கு முதல் நாள் புதுப் பை போட்டு, மாற்றுப் பை இரண்டை டிராயர் பக்கத்திலேயே வைத்து, கழிவு வண்டி காலையில் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.