அரிவாள் செல்லும் மரபணுக் கத்தரியும்



உடலின் புரதங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நான்கே வேதி எழுத்துகளால் வகுத்து வைத்திருக்கும் மரபணுவில், ஓரெழுத்து பிறழ்ந்தாலும் வாழ்நாள் முழுதும் வதைக்கும் நோய் வரக்கூடும் என்பதற்கு அரிவாள் செல் சோகை தக்க சான்று. இப்பிழையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரின் சிவப்பணுக்கள், ஆக்சிஜன் குறையும்போது அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியைத் தருகின்றன. இந்தியாவில் 1952-இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இது கண்டறியப்பட்டது.

இந்நோய்க்கான புதிய சிகிச்சையொன்று பாக்டீரியாவின் தற்காப்பிலிருந்து பிறந்தது. பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸின் மரபுப்பொருளை வெட்டப் பயன்படுத்தும் கிரிஸ்பர் என்னும் அமைப்பை, வேண்டிய இடத்தில் வெட்டும் கத்தரியாக மாற்றலாம் என்று 2012-இல் காட்டிய எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிபர் டௌட்னா இருவரும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அக்கத்தரியைக் கொண்டு உருவான காஸ்ஜெவி என்னும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. வியப்பு என்னவெனில், அது பிறழ்ந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவிலிருக்கும் சிசுவுக்கென ஒருவகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தியை அடக்கிவிடும் மரபணுவின் செயலைக் குறைத்து, அந்தப் பழைய ஹீமோகுளோபினையே மீண்டும் உண்டாகச் செய்கிறது. ஆய்வில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேர் குறைந்தது ஓராண்டுக் காலம் கடும் வலி நெருக்கடியின்றி இருந்தனர்.

இங்கே திருத்தப்படுபவை நோயாளியின் இரத்தக் குருத்தணுக்கள் மட்டுமே. அவர் அறிந்து இசைகிறார், மாற்றமும் அவரோடு முடிகிறது. கருவையே திருத்துவது வேறு. அம்மாற்றம் பிறக்கும் குழந்தையின் உடலெங்கும் பரவி, அதன் வழித்தோன்றல்களுக்கும் செல்லக்கூடும். எச்.ஐ.வி. நுழையும் வாயிலாகிய புரதத்துக்கான மரபணுவைக் கருவிலேயே சிதைத்து இரட்டைச் சிறுமியரைப் பிறக்கச் செய்ததாக ஹே ஜியான்குய் என்னும் சீன அறிவியலாளர் 2018-இல் அறிவித்தபோது உலகம் அதிர்ந்ததற்குக் காரணம் இதுவே. தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும், விந்தணுக்களைக் கழுவித் தொற்றைத் தவிர்க்கும் முறை முன்பே வழக்கில் இருந்ததால், நோய் தீர்த்தல் என்னும் நியாயமும் அங்கே இல்லை. சீன நீதிமன்றம் அவருக்கு 2019-இல் மூன்றாண்டுச் சிறை விதித்தது. பெற்றோர் பிள்ளைக்காக எத்தனையோ முடிவெடுக்கிறார்களே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பள்ளியை மாற்றலாம், கருவில் வெட்டிய மரபணுவை மாற்ற இயலாது.

விரும்பிய நிறத்திலும் அறிவிலும் பிள்ளைகளை வார்த்தெடுக்கும் காலம் வந்துவிடுமோ என்று அஞ்சுவோர், கண்ணெதிரே நிற்கும் அநீதியைக் காணத் தவறுகின்றனர். அறிவுத்திறன் எண்ணற்ற மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து அமைவது. அதை ஒரு வெட்டில் ஆக்க முடியாது. கண்ணெதிரே நிற்கும் அநீதியோ சிகிச்சை எட்டாமை. காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அதற்குமேல், பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கும் கடுமையான மருந்தும், உயர்நிலை மருத்துவமனையில் வாரக்கணக்கான தங்கலும் வேண்டும். இந்நோய் மிகுந்துள்ள ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியப் பழங்குடி ஊர்களிலும், மலிவான ஹைட்ராக்சியூரியா மாத்திரைகூட எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை.