அனுப்புவதெல்லாம் கற்பித்தல் ஆகாது
(இணையவழிக் கற்றற் செயற்பாடுகளைத் திட்டமிடல்)

2020 மார்ச் மாதம் 12ஆம் திகதி, மறுநாள் முதல் பாடசாலைகள் மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. சில வாரங்களில் திறந்துவிடும் என்றே நாம் நினைத்தோம். வாரங்கள் மாதங்களாயின. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் தரத்துக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று என வட்ஸ்அப் குழுக்கள் தோன்றின. நானும் என் வகுப்புக்கு ஒரு குழுவை ஆரம்பித்தேன்.

நாள்தோறும் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பினேன். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திலிருந்த பாடங்களின் இணைப்புகளையும் அனுப்பினேன். உடனுக்குடன் "ஓகே டீச்சர்" என்ற பதில்கள் வந்தன; கட்டைவிரல் அடையாளங்கள் வரிசையாக வந்தன. பாடம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பினேன்.

பாடசாலை திறந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. பல கொப்பிகள் வெறுமையாக இருந்தன. எப்போதும் முன்வரிசையில் அமர்ந்து விடை சொல்லும் ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "வாப்பா கடையால வந்த பொறகு ரா பத்து மணிக்குத்தான் போன் கிடைக்கும் டீச்சர். அதுக்குள்ள நூறு மெசேஜ் வந்திருக்கும். எங்கருந்து தொடங்குறண்டே தெரியா."

தவறு அவளுடையதல்ல, என்னுடையது. நான் அனுப்பினேன், கற்பிக்கவில்லை. அன்றிலிருந்து இணையவழியில் எந்தச் செயற்பாட்டைத் திட்டமிட்டாலும், இரவு பத்து மணிக்குக் கைப்பேசி கிடைக்கும் அந்த மாணவியால் இதைச் செய்ய முடியுமா என்றே முதலில் பார்க்கிறேன். அவளால் முடிந்தால் எல்லோராலும் முடியும்.

செயற்பாட்டின் நான்கு பகுதிகள்

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிலி சல்மன் என்ற கல்வியாளர் இணையவழிச் செயற்பாடுகள் பற்றி 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். நல்ல செயற்பாடொன்றில் இருக்க வேண்டியவையாக அவர் கூறுபவற்றை நமது வகுப்பறை மொழியில் இப்படிச் சுருக்கலாம்:

1. ஆவலைத் தூண்டும் சிறு பொறி. அது ஒரு கேள்வியாகவோ படமாகவோ இருக்கலாம்.
2. ஒவ்வொரு மாணவியும் தானே செய்து குழுவில் இட வேண்டிய ஒரு வேலை.
3. தோழி ஒருத்தி இட்டதற்குப் பதில் சொல்லுதல்.
4. இறுதியில் ஆசிரியை எல்லாவற்றையும் தொகுத்துக் கருத்துக் கூறுதல்.

இவற்றுக்கான அறிவுறுத்தல்கள் முழுவதும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்தும் மற்றொரு விடயம். பத்து மணிக்கு வருபவள் நூறு செய்திகளுக்குள் தேடக் கூடாது. ஒன்றை வாசித்தால் அவளுக்குப் போதுமாக இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம்

தரம் 9 அல்லது 10 மாணவியருக்கு அடர்த்தி பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். வரைவிலக்கணத்தை அனுப்புவதற்குப் பதிலாக இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"மாரியில் முகத்துவாரம் திறந்தால் வெள்ளநீர் கடலுக்குப் போகிறது, பின்னர் கடல்நீர் வாவிக்குள் வருகிறது. ஒரே அளவு எடுத்தால் கடல்நீரும் ஆற்றுநீரும் ஒரே பாரமா? ஒரு கிளாஸ் தண்ணீரில் முட்டையொன்றை மெதுவாக இடுங்கள். தேக்கரண்டியால் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரையுங்கள். எத்தனையாவது கரண்டியில் முட்டை மிதந்தது? அந்த எண்ணையும், அது ஏன் மிதந்தது என்று நீங்கள் நினைப்பதை ஒரு வரியிலும் எழுதுங்கள். உங்களிலிருந்து வேறுபட்ட எண்ணை எழுதிய தோழி ஒருத்தியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். வியாழன் இரவு வரை நேரம் உண்டு. வெள்ளி அஸருக்குப் பின் நான் தொகுத்துத் தருவேன்."

இதற்குத் தேவையானவை எல்லாம் குசினியில் இருக்கின்றன. முட்டையும் வீணாகாது, கழுவிவிட்டுச் சமைக்கலாம். வீடியோ இல்லாததால் டேட்டாவும் அதிகம் செலவாகாது.

விடைகள் ஒன்றுபோல் வரமாட்டா. ஒருத்தி நான்கு கரண்டி என்பாள், இன்னொருத்தி ஏழு என்பாள். யாருடையது சரி என்ற விவாதம் தானாகவே தொடங்கும். அப்போதுதான் கிளாஸின் அளவு வேறு, கரண்டி நிரம்பிய விதம் வேறு, பழைய முட்டை இலகுவில் மிதக்கும் என்ற காரணங்கள் வெளிவரும். பரிசோதனையில் மாறிகளை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பாடத்தை மாணவியரே கண்டுபிடிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வரும் கேள்வியைக் கேட்டால், முதலாமவள் எழுதியதும் மற்றவர்களுக்கு வேலை முடிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு விடை வேறுபடும் கேள்வியே குழுவுக்கு ஏற்றது.

வேறு சில வழிகள்

தமிழ்ப் பாடத்துக்கு மூத்தம்மாவை விடச் சிறந்த நூலகம் இல்லை. அவர் அறிந்த ஒரு நொடியையோ வழக்கொழிந்த ஒரு சொல்லையோ கேட்டெழுதி, அதன் பொருளை மறைத்துக் குழுவில் இடலாம், தோழியர் கண்டுபிடிக்கட்டும். காத்தான்குடியில் வழங்கும் சொல்லுக்கு ஓட்டமாவடியில் வேறு சொல் இருப்பது தெரியவரும்போது மொழியாராய்ச்சியின் முதற்படியில் மாணவி கால்வைத்துவிடுகிறாள்.

நீண்ட பாடங்களுக்குத் துண்டுமுறை பொருத்தமானது. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரப் பாடசாலைகளில் வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தபோது பிணக்குகள் எழுந்தன. உளவியலாளர் எலியட் அரன்சன் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கினர். நாமும் நான்கு பேருக்கு நான்கு பந்திகளைப் பகிர்ந்து, தத்தம் பகுதியைக் குரற்பதிவாக விளக்கச் செய்யலாம்.

மீட்டலுக்கு மிக எளிய வழி, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலுள்ளதைச் சொல்வது. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களை விட, வாசித்தபின் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரத்தின் பின் அதிகம் ஞாபகம் வைத்திருந்தனர். ஒரு நிமிடக் குரற்பதிவு இதற்குப் போதும்.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளையின் முகம் திரையில் தெரிய வேண்டியதில்லை. கொப்பியின் படமும் எழுத்துமே போதும். குரற்பதிவு அனுப்ப விருப்பமில்லாதவள் எழுதி அனுப்பலாம் என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழுவில் உள்ளவர்களின் தொலைபேசி எண்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், வகுப்புக்கு வெளியே எவரையும் சேர்க்காதிருப்பது அவசியம்.

ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அதற்கும் ஒரு நேரசூசி இருக்கட்டும். ஆண்பிள்ளை படித்து முடித்த பின்னர் மிஞ்சும் நேரம் மகளுக்கு என்றில்லாமல், இருவருக்கும் சம அளவு நேரம் குறியுங்கள். "போனில் என்ன செய்கிறாய்?" என்று கேட்பதைவிட, "இண்டைக்கு உன்ட கேள்வி என்ன மகள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் உங்களுக்கும் ஒரு பாடம் நடத்துவாள்.

தொற்றுக்காலம் முடிந்தது; இணையவழிக் கற்றல் முடியவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மீண்டும் குழுக்களைத் தேடினோம். மாரி வெள்ளம் பாதையை மறிக்கும் நாட்களிலும் தேடுகிறோம். வீட்டிலிருந்தவாறே உயர்கல்வியைத் தொடர விரும்பும் நம் பெண்பிள்ளைகள் நாளை சேரப்போகும் கற்கைநெறிகளிற் பலவும் இவ்வழியிலேயே நடக்கும். இப்போதே பழகுவது நல்லது.

முட்டைப் பரிசோதனையை நான் முதன்முதலில் அனுப்பிய அன்று, இரவு பத்தேகாலுக்கு ஒரு செய்தி வந்தது. அந்த மாணவிதான். "ஆறு கரண்டி டீச்சர். வாப்பாவும் பார்த்தாங்க. ஏன் மிதக்குதெண்டு அவங்களும் கேக்குறாங்க."

அன்று அந்தக் குழு வகுப்பறையாயிற்று.