பல்டி அடிக்காத மாதங்கள்

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்த்து ஆறு மாதம் ஆனதும் வீட்டில் ஒரு முணுமுணுப்பு கிளம்பும்: "இன்னும் ஒரு பல்டிகூட அடிக்கலையே?" எதிர்வீட்டுப் பெண் யூடியூப் பார்த்தே கார்ட்வீல் போடுகிறாள். மாதாமாதம் கட்டணம் கட்டி, மாலை நெரிசலில் வண்டி ஓட்டிக் கொண்டுபோய் விடும் நம் பிள்ளையோ பாயில் உருண்டுகொண்டிருக்கிறது. இந்த ஏமாற்றத்தில் எடுக்கும் முடிவுகள்தான் பிள்ளைகளைப் பாதிக்கின்றன. பயிற்சியாளரை அவசரப்படுத்துகிறோம், வீட்டில் நாமே கற்றுத்தர இறங்குகிறோம், இல்லையென்றால் 'இவளுக்கு இது வராது' என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி சொல்லும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

"இதெல்லாம் செய்தால் பிள்ளை வளராது"

வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் வரும் பயம் இது. தொலைக்காட்சியில் பார்க்கும் வீராங்கனைகள் எல்லாரும் சிறு உருவமாக இருப்பதால் வந்த பயம். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸின் உயரம் 142 சென்டிமீட்டர்தான். ஆனால் காரணத்தையும் விளைவையும் இங்கே இடம் மாற்றிவிடுகிறோம். காற்றில் சுழலும்போது கைகால் குட்டையான உடம்பு எளிதாகச் சுழலும். அதனால் மேல்மட்டப் போட்டி வரை தாக்குப்பிடிப்பவர்களில் சிறு உருவக்காரர்கள் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் பயிற்சி தொடங்கும் முன்பே சற்றுக் குள்ளமானவர்கள். அவர்களுடைய பெற்றோரும் அப்படித்தான்.

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் அறிவியல் ஆணையம் அமைத்த நிபுணர் குழு, அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசி 2013இல் முடிவை வெளியிட்டது. தீவிரப் பயிற்சி ஒருவரின் இறுதி உயரத்தைக் குறைப்பதாகச் சான்று இல்லை என்பதே அதன் சாரம். மூன்று முறை உலக ஆல்ரவுண்ட் பட்டம் வென்ற ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா ஏறத்தாழ 165 சென்டிமீட்டர் உயரம்.

வாரம் இரண்டு மூன்று மணி நேரம் வகுப்புக்குப் போகும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கவலையே வேண்டாம். வளர்ச்சி தடைப்படும் ஆபத்து வேறு ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. கடும் பயிற்சியோடு சாப்பாட்டைக் குறைத்தால் உடல் வளர்ச்சி தள்ளிப்போகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

"இளசாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும்"

பாதி உண்மையாக இருப்பதால்தான் இந்த நம்பிக்கை ஆபத்தானது. சிறு வயதில் உடம்பு வளைந்துகொடுக்கும் என்பது சரி. அதற்காக ஸ்பிளிட் போடும் பிள்ளையின் முதுகில் ஏறி உட்காருவதும், அழ அழத் தொடையை அழுத்துவதும் சரியாகிவிடாது. வளைவுத்தன்மை மெதுவாக, உடம்பு சூடேறிய பிறகு, பிள்ளை தானே மூச்சை விட்டு இறங்கும்போது வருவது. தசை இழுபடும் உணர்வு இருக்கலாம். குத்தும் வலி இருக்கக் கூடாது. பயிற்சி என்ற பெயரில் பிள்ளையை அழவைத்து அழுத்தும் இடம் எதுவானாலும், அங்கே எத்தனை பதக்கங்கள் மாட்டியிருந்தாலும், வெளியே வந்துவிடுங்கள்.

"எங்க பொண்ணு ரப்பர் மாதிரி வளைவா" என்று பெருமைப்படும் பெற்றோர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூட்டுகள் இயல்பாகவே தளர்வாக உள்ள பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலும் மேலும் வளைவுப் பயிற்சி தருவதைவிட, மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகளுக்கு வலு ஏற்றுவதுதான் முக்கியம். இயல்பாக வளைவதாலேயே அவர்களை மேடையில் காட்டத் தோன்றும். முழங்கையும் இடுப்பும் அதற்கு விலை கொடுக்கும்.

எலும்பு நீளும் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு இந்த வயதில் மென்மையானது. ஜிம்னாஸ்டிக்ஸில் கையே காலாகவும் வேலை செய்வதால், மணிக்கட்டுப் பக்கம் உள்ள வளர்ச்சித் தட்டில் அழுத்தம் சேரும். பத்து வயதை ஒட்டி, வெறுங்காலில் குதிக்கும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலியும் வருவதுண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலி, வீக்கம், காலையில் எழுந்ததும் நொண்டுவது, பின்பக்கம் வளையும்போது கீழ்முதுகில் வலி ஆகியவற்றைத் தைலம் தேய்த்து மறைக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

"புதுசு புதுசாகக் கற்றுக்கொண்டால்தான் முன்னேற்றம்"

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். சென்னையில் ஒரு வகுப்பு முடிந்து வெளியே ஓடிவந்த சிறுமியிடம் அவள் அம்மா கேட்டார்: "இன்னிக்கு என்னடி கத்துக்கிட்ட?" பதில் வந்தது: "ஒண்ணுமில்லம்மா. படுத்துக்கிட்டே இருந்தோம்." அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

அவள் படுத்திருந்ததை நான் பார்த்தேன். மல்லாந்து படுத்து, கீழ்முதுகைத் தரையோடு ஒட்டி, தோளையும் கால்களையும் ஒரு சாண் உயரம் தூக்கி, காதை ஒட்டிக் கைகளை நீட்டியிருந்தாள். உடம்பு தோணி போல வளைந்து நின்றது. பயிற்சியாளர் ஒவ்வொரு பிள்ளையின் முதுகுக்கடியிலும் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார். தாள் உருவிக்கொண்டு வந்தால் முதுகு தரையைவிட்டு எழும்பிவிட்டது என்று பொருள், மறுபடி முதலிலிருந்து. இருபது விநாடிகள் தாக்குப்பிடிப்பதற்குள் பிள்ளைகளின் வயிறு நடுங்கத் தொடங்கிவிடும். இதற்கு ஹாலோ ஹோல்டு என்று பெயர்.

இதே உடல் வடிவத்தை அப்படியே தலைகீழாக நிறுத்தினால் ஹேண்ட்ஸ்டாண்டு. கம்பியில் தொங்கவிட்டால் அதுவே ஊசலாட்டத்தின் பாதி. ஓடிவந்து தாண்டும் வால்ட் மேசையில் கை ஊன்றும் கணத்திலும் வேண்டியது இதுதான். இந்த வடிவம் உடம்பில் பதியாத பிள்ளைக்குப் பல்டி கற்றுக்கொடுத்தால் எப்படியோ சுழன்று விழுந்துவிடும். வீடியோவில் நன்றாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து அந்தத் தவறான பழக்கத்தை அழிக்க, கற்ற காலத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

இறங்குவதும் அப்படித்தான். அரையடி உயரப் பெட்டியிலிருந்து குதித்து, முழங்கால் மடங்கி, பாதம் அசையாமல் நிற்பதை நல்ல பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் செய்யவைப்பார்கள். பார்ப்பவருக்கு அலுப்பாக இருக்கும். பிற்காலத்தில் பிள்ளையின் முழங்காலையும் கணுக்காலையும் காப்பாற்றப்போவது அதுதான்.

ஆகவே 'என்ன புதுசு?' என்ற கேள்வியைக் கைவிடுங்கள். கம்பியில் தொங்கும் நேரம் கூடியிருக்கிறதா, முன்பு வளைந்த முழங்கால் இப்போது நீண்டு நிற்கிறதா, தன் முறை வரும்வரை வரிசையில் காத்திருக்கிறாளா, விழுந்தால் எழுந்து மறுபடி போகிறானா என்று பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை இடது வலது குழம்பாமல் குட்டிக்கரணம் போட்டு நேராக எழுந்து நிற்பதே பெரிய காரியம். வளரும் பருவத்தில் சில மாதங்கள் வந்த வித்தையும் வராமல் போகும். எலும்பு சட்டென்று நீண்டு, தசை அதற்கு ஈடுகொடுக்க நேரம் எடுப்பதால் வரும் தடுமாற்றம் அது. திட்டத் தேவையில்லை.

"வகுப்பு போதாது, வீட்டிலும் செய்யவைக்க வேண்டும்"

கட்டில் மெத்தையில் பின்பல்டி பழக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். மெத்தையில் கை புதைந்துவிடும், தரையைத் தள்ளி எழும்ப முடியாது, தலையோ கழுத்தோ முதலில் இறங்கும். வீட்டு டிராம்போலின் விஷயத்திலும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு கறாராக இருக்கிறது. பொழுதுபோக்குக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அதன் அறிவுரை. டிராம்போலின் காயங்களில் முக்கால்வாசி, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போது ஏற்பட்டவை. அதிக ஆபத்து மிகச் சிறிய பிள்ளைகளுக்கு.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, எல்லாம் நமக்குப் பழகியவைதான். நொண்டி விளையாடினால் ஒற்றைக்காலில் இறங்கிச் சமநிலை பிடிக்கப் பழகும். பச்சைக்குதிரை தாண்டுவது வால்ட்டின் தாய். ஸ்கிப்பிங், மரமேறுதல், பூங்காக் கம்பியில் தொங்குதல் எல்லாம் உதவும். பயிற்சியாளர் வீட்டுப்பாடமாக ஏதாவது சொன்னால் அதை மட்டும், அவர் சொன்ன அளவுக்கு மட்டும் செய்யட்டும். முழங்காலை நீட்டு, கையைத் தூக்கு என்று கூடத்தில் உட்கார்ந்து நாம் திருத்த ஆரம்பித்தால் பிள்ளைக்கு இரண்டு பயிற்சியாளர்கள் ஆகிவிடுவார்கள், ஓர் அம்மா குறைந்துவிடுவாள்.

ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததே. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு, பன்னிரண்டு வயது வரை இரவில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். பாட்டு, நீச்சல், அபாகஸ் என்று வாரத்தின் ஏழு மாலைகளையும் நிரப்பிவிட்டுக் களைத்த பிள்ளையைப் பீம் எனும் சமநிலைக் கட்டையில் ஏற்றாதீர்கள். காயங்கள் களைப்பில்தான் வருகின்றன.

"பயந்தால் ஒரு தள்ளு தள்ள வேண்டும்"

நேற்று வரை செய்ததை இன்று செய்ய மாட்டேன் என்று பிள்ளை நின்றுவிடும். அடம் என்று நினைப்போம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் அணி இறுதிப் போட்டியில் சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். வால்ட்டில் இரண்டரை முறை திருக வேண்டியவர் ஒன்றரையோடு தரையிறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தவறிவிட்டது. அவர் விலகினார். சில நாட்கள் கழித்து, திருகல் தேவைப்படாத முறையில் பீமில் ஆடி வெண்கலம் வென்றார். 2024இல் பாரிஸில், 27 வயதில், மூன்று தங்கம்.

உலகின் தலைசிறந்தவருக்கே மூளை 'வேண்டாம்' என்று சொன்னால், எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லாதா? பயம் வந்தால் பீமிலிருந்து தரைக்கோட்டுக்கு இறக்கி, எளிதான படியிலிருந்து மீண்டும் ஏற்றுவதே முறை. 'எல்லாரும் செய்றாங்க, உனக்கு மட்டும் என்ன?' என்ற கேள்வி அந்த ஏணியை உதைத்துத் தள்ளிவிடும்.

"ஒல்லியாக இருந்தால்தான் வரும்"

வராது. வலு இருந்தால்தான் வரும். வலுவுக்குச் சோறு வேண்டும். வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, முடிந்த பிறகு சுண்டல், முட்டை, பால் என்று ஏதாவது புரதம். அன்றாடம் ராகி, கீரை, பருப்பு. பிள்ளையின் காதுபட எடையைப் பற்றிப் பேசவே கூடாது. "இனிப்பு சாப்பிட்டா பாரில் தொங்க முடியாது" என்ற வேடிக்கைப் பேச்சும்கூட வேண்டாம். உண்பது பயிற்சிக்கு ஈடுகொடுக்காதபோது எலும்பு பலவீனமாகும், பருவமடைவது தள்ளிப்போகும். பதினைந்து வயதாகியும் மாதவிடாய் தொடங்கவில்லை என்றால் 'விளையாடுறாளே, அதனால்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். பருவமடைந்துவிட்டாள் என்பதற்காக வகுப்பை நிறுத்துவதற்கும் காரணம் எதுவும் இல்லை.

உடல்வாகு பற்றிய இன்னொரு கவலையான தட்டைப் பாதம் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு பிள்ளைகளின் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. வளைவு பிறகுதான் உருவாகும். அகர்தலாவில் ஆறு வயதில் பயிற்சி தொடங்கிய இந்திய வீராங்கனை தீபா கர்மாகரின் பாதம் தட்டையானது. அதைச் சரிசெய்யவே அவரும் பயிற்சியாளரும் நீண்ட காலம் உழைத்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதியில் 15.066 புள்ளிகளோடு அவர் நான்காவது இடம் பிடித்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் 0.15 இடைவெளி. பதினெட்டு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பவர்களுக்கு உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா பதில்: 33 வயதில் ஒலிம்பிக் வெள்ளி, 46 வயதில் எட்டாவது ஒலிம்பிக்.

"கோச்சிடம் விட்டாச்சு, அவர் பார்த்துக்கொள்வார்"

நுட்பத்தில் தலையிடக் கூடாது. பாதுகாப்பில் தலையிட்டே ஆக வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் நூற்றுக்கணக்கான பெண்களிடம், சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, பாலியல் ரீதியாக அத்துமீறியதற்காக 2018இல் சிறைத் தண்டனை பெற்றார். பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி பற்றி 2022இல் வெளியான ஒயிட் விசாரணை அறிக்கை, பிள்ளைகளை எடை போட்டு அவமானப்படுத்தியதையும், வலியோடு ஆடவைத்ததையும், தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் தடுத்ததையும் பதிவு செய்தது. அந்தப் பெற்றோர்களும் அக்கறை இல்லாதவர்கள் அல்லர், நிபுணரை நம்பியவர்கள்.

சேர்க்கும் முன் கேளுங்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? பாய்களும் கம்பிகளும் எப்போது சோதிக்கப்பட்டன? காயம்பட்டால் முதலுதவி யார் தருவார்? ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே இருக்கும் சூழல் வருமா? இந்த விளையாட்டில் பிள்ளை விழாமல் பிடிக்கப் பயிற்சியாளர் உடம்பைத் தொட்டே ஆக வேண்டியிருக்கும். எங்கே பிடிப்பேன், எதற்குப் பிடிப்பேன் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டுத் தொடுவதே நல்ல முறை. 'பிடிக்கலைன்னா சார்கிட்டயே சொல்லலாம், என்கிட்டயும் சொல்லலாம்' என்று பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். வகுப்பு நாளில் மட்டும் வயிற்றுவலி, 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யாரோ சொன்னதாகப் பேச்சு, திடீர் மௌனம் இவற்றைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் அன்றே வகுப்பை நிறுத்திவிட்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். அந்தக் கடமை பயிற்சி மையத்துக்கும் உண்டு.