குழுவோடு ஐரோப்பா போகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பத்துப் பன்னிரண்டு நாளில் ஐந்தாறு நாடுகளைக் காட்டி அழைத்துவரும் குழுச் சுற்றுலாவில் போகிறவர்களில் பலர், முதல்முறையாக வெளிநாடு பார்க்கும் பெற்றோர். பிள்ளைகள் பணம் கட்டுகிறார்கள். "எல்லாத்தையும் டூர் மேனேஜர் பார்த்துக்குவாரும்மா, கவலைப்படாதே" என்று சொல்லி விமானம் ஏற்றிவிடுகிறார்கள். ஓட்டல் அறை, பஸ், நுழைவுச்சீட்டு, ராத்திரிச் சாப்பாடு எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார்தான். ஆனால் நாற்பது பேருக்கு அவர் ஒருவர். பாஸ்போர்ட், மருந்து, கால், கடிகாரம் இந்த நான்கையும் அவர் தலையில் கட்ட முடியாது. அவற்றைக் கடைசிவரை நாமேதான் சுமக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். "போட்டோ ஸ்டாப்" என்று போட்டிருந்தால் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு உடனே ஏற வேண்டும், உள்ளே போக முடியாது. "ஆப்ஷனல்" என்றால் அதற்குத் தனிக் காசு. ஈபில் கோபுரம் என்று மட்டும் இருந்தால், சுமார் 116 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டாம் தளத்தோடு சரியா, 276 மீட்டர் உயரத்து உச்சித் தளம் வரையா என்று கேளுங்கள். ஓட்டல் எந்த ஊரில், நகரத்தின் நடுவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் டிப்ஸ், நகர வரி, விசா கட்டணம் ஆகியவை மொத்தத் தொகையில் அடக்கமா, விசா கிடைக்காமல் போனால் எவ்வளவு திரும்பி வரும் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

தேதியையும் கிழமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். நெதர்லாந்தின் கூகன்ஹாப் துலிப் தோட்டம் மார்ச் பிற்பாதியில் திறந்து மே நடுவில் மூடிவிடும். பள்ளி விடுமுறை விட்டு மே கடைசியில் கிளம்புகிறவர்களுக்கு துலிப் கிடையாது.

விசா வேலையைச் சீக்கிரம் தொடங்குங்கள். ஷெங்கன் விசா ஒன்றை வைத்து 29 நாடுகளுக்குள் போய்வரலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க வழி இருக்கிறது, குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடையில் கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் அந்த 15 நாளை நம்பி இருக்காதீர்கள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். லண்டனும் திட்டத்தில் இருந்தால் அதற்குத் தனி விசா. நடுவில் லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸ் பக்கம் வருவதாக இருந்தால், ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் தரப்பட்டதாக இருக்கக்கூடாது. விசா கைக்கு வந்த அன்றே பெயர், தேதி, எத்தனை முறை நுழையலாம் என்ற மூன்றையும் சரிபாருங்கள்.

காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய அறுவை என எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். டூர் நிறுவனமே எடுத்துத் தந்துவிடுவதால் நம்மில் பலர் அந்தப் படிவத்தைப் பார்ப்பதுகூட இல்லை. பிரீமியம் கூடுமே என்று பழைய நோயை மறைத்திருந்தால், அந்த நோயாலேயே ஆஸ்பத்திரியில் சேரும் நாளில் காப்பீடு கைவிட்டுவிடும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் சேர்த்துத் தரும் பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் சரி.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நடந்து பழகுங்கள். பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டுவார்கள் என்பது பெரிய தப்பெண்ணம். ரோம், பிளாரன்ஸ் போன்ற பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் சுற்றுலா பஸ்ஸை விடமாட்டார்கள். ஊர் ஓரத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து நடைதான். வெனிஸில் படகை விட்டு இறங்கியதும் பாலம் பாலமாக ஏறி இறங்க வேண்டும், பல பாலங்களுக்குப் படிக்கட்டு உண்டு. தெருக்களில் பாவியிருக்கும் கல் சமமாக இருக்காது. மூட்டுவலிக்காரர்களுக்கு அதில் ஒரு மணி நேரம் நடப்பது மெரினாவின் நடைபாதையில் இரண்டு மணி நேரம் நடப்பதைவிடக் கடினம். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள், ஊரில் போட்டு நடந்து பழகிய ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். விமான நிலையத்தில் வாங்கிய புது ஷூ இரண்டாம் நாளே கொப்புளம் போட்டுவிடும். முடியாத இடத்தில் "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று டூர் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அவர் காட்டும் இடத்திலேயே இருந்துகொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

மருந்து கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டி ஒருநாள் தாமதமாக வரலாம். விமானத்தின் அடித்தளத்துக் குளிரில் இன்சுலின் உறைந்துபோகவும் கூடும். மருந்துச்சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், அங்கே நம் கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆன்டிபயாடிக்கும் சீட்டில்லாமல் கிடைக்காது. பாரிஸ், ரோம், சூரிச் எல்லாம் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் இரண்டு நாளுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் நெரிசல் வந்தால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், ஆகவே பிஸ்கட்டோ கடலைமிட்டாயோ கையோடு இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் யுங்பிராயோக் 3,454 மீட்டர் உயரம். ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலே. ரயிலில் உட்கார்ந்தபடியே போய்விடுவதால் உடம்பு பழக நேரமே கிடைப்பதில்லை. இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரின் சம்மதத்தோடு மட்டும் ஏறுங்கள். மேலே போனதும் பனியைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடாமல் மெதுவாக நடங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள், தணியாவிட்டால் கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

தண்ணீர் குடியுங்கள். கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் அம்மாக்களை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கலாம். மயக்கமும் நீர்க்கடுப்பும் அதனால்தான் வருகின்றன. பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தேவை இருக்கிறதோ இல்லையோ கழிப்பறைக்குப் போய்வாருங்கள். பல இடங்களில் 50 சென்ட்டிலிருந்து ஒரு யூரோ வரை வாங்குவார்கள், அதற்கென்று சில்லறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோமின் தெருக்குழாய்த் தண்ணீரையும் சுவிட்சர்லாந்தின் ஊர்க்குழாய்த் தண்ணீரையும் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கக் கூடாததென்று பலகை இருந்தாலொழிய. ஒரு பாட்டில் கொண்டுபோனால் போதும். பல ஓட்டல்களின் குளியலறையில் கழுவிக்கொள்ளத் தண்ணீர்க்குழாய் இருக்காது, ஒரு சின்ன பிளாஸ்டிக் சொம்பும் பெட்டியில் இருக்கட்டும்.

கணவன் மனைவி உடைகளை இரண்டு பெட்டியிலும் கலந்து வையுங்கள். ஒன்று வராமல் போனாலும் இருவருக்கும் மாற்றுத்துணி இருக்கும்.

பாஸ்போர்ட், விசா நகல்களைத் தாளாகவும் கைபேசியில் படமாகவும் வைத்திருங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அவசரத்துக்கு அவர்கள் தரும் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊர் திரும்பத்தான் முடியும், அடுத்த நாட்டைப் பார்க்கப் போக முடியாது. தினமும் காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது ஓட்டல் அட்டை ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வழி தவறினால் டாக்ஸிக்காரரிடம் அதைக் காட்டினால் போதும்.

பெரிய தொகைக்குப் பொருள் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். ஒரு சிக்கல் உண்டு: சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. சுங்க ஒப்புதலை ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் பெற வேண்டும். கடைசி விமானம் சூரிச்சிலிருந்து என்றால் அந்த இடம் பஸ் கடக்கும் எல்லைச்சாவடி. அங்கே பஸ் நிற்குமா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

செய்யக்கூடாதவை

சொன்ன நேரத்தைத் தாண்டி வராதீர்கள். பத்து நிமிடம்தானே என்பார்கள். ஐரோப்பாவில் பஸ் ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். இரவில் வழக்கமாக 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது, போலீஸ் எந்த இடத்திலும் நிறுத்திப் பார்க்கலாம். ஓட்டுநர் சிடுசிடுப்பதற்குக் காரணம் கோபம் அல்ல, சட்டம். காலையில் ஒரு குடும்பம் அரைமணி தாமதித்தால், மாலையில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரையில் நாற்பது பேருக்குக் கிடைக்க வேண்டிய அரைமணி போய்விடும். அவர்களில் பலருக்கு அந்த ஏரியை இன்னொருமுறை பார்க்க வாய்ப்பு வராது. கடைசிக் கடையில் கடைசி நினைவுப்பொருளைத் தேடி நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நெய், பால்கோவா, பனீர், பால்பவுடர், இறைச்சி, இறைச்சி ஊறுகாய் போன்றவற்றைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது. மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகாது. பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல், எண்ணெய்யில் பொரித்த முறுக்கு இவை போதும். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் சரக்குப் பெட்டியில், கசியாமல் கட்டி. கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் போனதைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.

ஓட்டல் அறையில் சமைக்காதீர்கள். குக்கர் ஆவியும் தாளிக்கும் புகையும் புகை எச்சரிக்கைக் கருவியை அலறவைக்கும், முழுக் கட்டடமும் தெருவில் வந்து நிற்கும், தீயணைப்பு வண்டி வந்த செலவை உங்களிடமே கேட்பார்கள். காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து முட்டையும் ரொட்டியும் பையில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். அந்தச் சாப்பாடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதற்காக வைத்தது.

கனத்த நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள். பாரிஸ் மெட்ரோவிலும், ரோமின் டெர்மினி ரயில் நிலையத்திலும், பார்சிலோனாவின் லா ராம்ப்லா தெருவிலும் பிக்பாக்கெட்காரர்கள் சுற்றுலாப் பயணிகளைக் குறிவைத்தே நிற்கிறார்கள். ஈபில் கோபுரத்தடியில் ஒரு பெண் அட்டையை நீட்டி மனுவில் கையெழுத்துக் கேட்பாள், நீங்கள் எழுதும்போது இன்னொருத்தி பையைத் துழாவுவாள். மோன்மார்த்ர் குன்றுப் படிகளில் ஒருவன் சிரித்தபடி உங்கள் மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பான். கையை எடுத்துக்கொண்டு நிற்காமல் நடங்கள், பதில் பேச வேண்டாம். பஸ்ஸைப் பூட்டியிருக்கிறார்கள் என்று நம்பிப் பாஸ்போர்ட்டை இருக்கையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

ரோமின் ஸ்பானியப் படிகளில் உட்காராதீர்கள், 2019 முதல் அபராதம் உண்டு. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்காதீர்கள், பேசாதீர்கள். புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் சேலைக்கும் வேட்டிக்கும் அங்கே தடை இல்லை. வெனிஸில் 2024 முதல் ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, வழிகாட்டி ஒலிபெருக்கி வைத்துப் பேசவும் கூடாது. அதனால் உங்கள் குழுவை இரண்டாகப் பிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரே என்று அடுத்த குழுவுக்கு மாறிக்கொள்ளாதீர்கள், எண்ணிக்கை குழம்பி யாராவது ஒருவர் விடுபட்டுப்போவார்.

பஸ்ஸின் முன் இருக்கையை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டாம். தினமும் மாறி மாறி உட்காருவதுதான் நியாயம்.

உடம்பு சரியில்லை என்பதை மறைக்காதீர்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமே, பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சமாளிக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். முதல் அறிகுறியிலேயே டூர் மேனேஜரிடம் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112, சுவிட்சர்லாந்திலும் அதே எண் வேலை செய்யும். நெஞ்சுவலி, பக்கவாதம் போன்றவற்றுக்கு முதலில் அந்த எண், பிறகுதான் மற்றதெல்லாம். உயிராபத்து இல்லாத சிகிச்சைக்குப் போகுமுன் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுத் தகவல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் கிடைப்பதில் சிக்கல் வரும். அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் கைபேசியில் மட்டும் வைத்தால் போதாது. இரண்டு தாளில் எழுதி ஒன்றை உங்கள் பையிலும் மற்றொன்றைத் துணைவர் பையிலும் வையுங்கள், ஒரு படம் எடுத்து ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள்.