தறி ஓசையும் நம் செவியும்

விசைத்தறிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர், முதல் வாரத்தில் மாலைதோறும் காது இரைவதாகக் கூறுவார். "போகப் போகப் பழகிவிடும், தம்பி" என்று மூத்தவர் ஆறுதல் உரைப்பார். நாளடைவில் தறியின் சத்தம் அவ்வளவாக உறைப்பதில்லை. பழகிவிட்டதாக இருவரும் எண்ணுவர். உண்மையில் அவ்விளைஞருடைய செவியின் ஒரு பகுதி அதற்குள் செத்துப் போயிருக்கக் கூடும்.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக அமைந்து, ஒலியின் அதிர்வை நரம்புக்குத் தெரிவிக்கின்றன. ஓயாத பேரொலியால் அவை நைந்து மடிகின்றன. அறுந்த இழையை நாம் பிணைத்து விடுகிறோம். மடிந்த மயிரணுவோ மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. வலி இராமையால் சேதம் நமக்குத் தெரிவதுமில்லை. முதலில் மறைவன கீச்சென்ற உயர்ந்த ஒலிகளே. ஆகவே பேருந்தின் உறுமல் நன்றாகக் கேட்கும். பேரக்குழந்தையின் மழலை மட்டும் பிடிபடாது. "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்பவரை வீட்டார் கேலி செய்ய வேண்டா.

ஸ்காட்லாந்திலுள்ள டண்டி நகரம் வங்காளத்துச் சணலை நெய்து வாழ்ந்த ஊர். அங்குச் சணல் நெய்த பெண்களின் செவிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 1965இல் வெளியாயிற்று. உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் வேலையின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே பெரிதும் குன்றிவிடுவதை அது காட்டிற்று. ஆதலின் காப்பு முதன்மையாக வேண்டுவது புதிதாகத் தறிக்கு வருபவர்க்கே.

85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது நிபுணர் பலர் ஏற்கும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்குக் கால் மணியே. நாடா பாயும் விசைத்தறிகள் நிறைந்த கூடத்தில் 95ஐத் தாண்டுவது சாதாரணம். அளக்கக் கருவி வேண்டுவதில்லை. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கூவித்தான் பேச முடியுமாயின், ஒலி மிகை.

நாகமலை புதுக்கோட்டை வட்டாரத்து விவசாய அங்கத்தினர்கள் இது தறிக்காரர் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. டீசல் பம்பு, டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம் யாவும் இக்கணக்கில் அடங்கும். சைலென்சர் துருப்பிடித்து உதிர்ந்த பின்னும் எஞ்சினை ஓட்டுவது சிக்கனமாகாது.

பலர் காதில் பஞ்சை அடைத்துக்கொள்கின்றனர். பஞ்சு நமக்கு நெருங்கிய உறவுதான். எனினும் இவ்விஷயத்தில் அது அநேகமாக உதவாது. நுரையாலான காதடைப்பான் விலை குறைந்த பொருள். அதைச் சுத்தமான கையால் மெலிதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னாகக் கொணர்ந்து காதுமடலை மேலே இழுத்து, உள்ளே செலுத்தி, அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் பயன் மிகக் குறைவு. சங்கங்கள் இதனை மொத்தமாக வாங்கி நூலோடு வழங்கலாம் என்பது நம் கருத்து. தளர்ந்த திருகுகளை முடுக்கி எண்ணெயிடுவதாலும் தறியின் ஆரவாரம் ஓரளவு தணியும்.

2000ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலே வகுத்தன. நம் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிகள் அவ்விதிகளைப் படித்ததாகத் தெரியவில்லை! குழந்தைகளை அவற்றின் அருகே அமர்த்தாதிருப்பதேனும் நம் கையில் உள்ளது.

ஐயமுடையோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். தறியை நிறுத்திய கையோடு செல்ல வேண்டா. பேரொலியிலிருந்து வந்த செவி சில மணி நேரம் மந்தமாயிருக்குமாதலால் அளவு பிழைபடும். விடுமுறைக்கு மறுநாள் காலையில், வேலைக்குப் போகுமுன் செல்வது நலம்.