மெஷின் நின்றாலும் ஓடும் கட்டணம்

நம்மில் பலர் டிப்ளமோ முடித்து நுழையப்போவது சிறு ஒர்க்‌ஷாப்தான். அதன் கரண்ட் பில்லில் இரண்டு கணக்கு உண்டு. ஓடிய யூனிட்டுக்கு ஒன்று. வாங்கி வைத்த கிலோவாட்டுக்கு மாதாமாதம் நிலைக் கட்டணம் இன்னொன்று. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இரண்டையும் உயர்த்தியது. பலத்த அடி இரண்டாவதில்தான். 112 கிலோவாட் இணைப்புக்கு, கிலோவாட்டுக்கு 35 ரூபாய் வீதம் 3,920 கட்டியவர், 150 வீதம் 16,800 கட்ட நேர்ந்தது. ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நின்றாலும் இது வந்தே தீரும்! ஜாப் ஒர்க் ரேட்டையோ பெரிய கம்பெனிதான் முடிவு செய்யுது. கூட்டிக் கேட்டால் வேலை அடுத்த ஷெட்டுக்குப் போயிடும். உச்சநேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் வேறு. எதிர்ப்புக்குப் பின் 2022 நவம்பரில் அது 15 ஆனது. லோடைக் குறைக்கலாமே என்பீர்கள். குறைத்தால், பெரிய ஆர்டர் வரும்போது எல்லா மோட்டாரையும் சேர்த்து ஓட்ட முடியாது.